டிராலியில் இருந்த பெண்

11 பிப்ரவரி 1997, ரேணிகுண்டா

நான் அந்தப் பையன் மேல் வெந்நீர் ஊற்றவில்லை. அவனுடைய டேப் ரெக்கார்டர் மேல்தான் ஊற்றினேன். ஊற்றியதும் வெந்நீர் அல்ல, காப்பி. அதுவும் ஆறிப்போன காப்பி. சமையலுக்கு வரும் கிருஷ்ணம்மா போகிற வழியெல்லாம் வெந்நீர் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். மாலைக்குள் கரகம்பாடி ரோடு முழுக்க அவன் கை வெந்துபோய்விட்டது. அந்தக் கையை நான் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை.

பெயர் வரதராஜன். திருப்பதிப் பையன். இப்போது அமெரிக்காவில் ரயில் பாட்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறானாம். அங்கே தண்டவாளம் போட்ட கறுப்பு ஜனங்கள் பாடிய பாட்டுகள் இருக்கின்றனவாம். ஒருவன் முன்னடி பாட, மற்றவர்கள் கடப்பாரையை நெம்பிக்கொண்டே பின்னடி பாடுவார்களாம். அதில் ஒரு பாட்டில் செத்துப்போகிறவன் யார், எந்த ஊரில் செத்தான் என்று இன்னும் சண்டை ஓயவில்லையாம்.

“எல்லா ரயில் பாட்டுக்கும் அடியில ஒரு பொணம் இருக்கும் ஆன்ட்டி. அது யாருன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை” என்றான்.

நான் அவனுக்கு ஆன்ட்டி இல்லை.

பிறகு கேசட்டைப் போட்டான். இங்கத்திய கேங் ஆட்கள் தண்டவாளம் தூக்கும்போது பாடுகிற பாட்டு. இத்தனை வருஷமாக ஜன்னல் வழியே துண்டு துண்டாகக் கேட்டதுதான். என் ஹாலில், என் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவன் முழுதாகக் கேட்க வைத்தது இதுவே முதல்.

பூடிப் பாலம் தாண்டலியே — ஏலோ தூக்கு
பூட்ஸு போட்ட அம்மா வந்தா — ஏலோ தூக்கு
பட்டுக் குடை மடியிலே — ஏலோ தூக்கு
பகலு பன்னெண்டு மணியிலே — ஏலோ தூக்கு
வண்டி எடுன்னு துரை சொன்னார் — ஏலோ தள்ளு
கல்யாணத்துக்கு அம்மா சொன்னா — ஏலோ தள்ளு
ரங்கையா தலை ரயிலுக்கு — ஏலோ போடு

“அந்த பூட்ஸ் அம்மா நீங்கதானே?” என்றான், சிரித்துக்கொண்டே. பேனாவை வேறு திறந்தான். காப்பி டம்ளர் என் கையில் இருந்தது.

நான் பூட்ஸ் போட்டதே இல்லை. சித்தூர் கான்வென்டில் வெள்ளை கான்வாஸ் ஷூ. அதுவும் பள்ளி முடிந்ததும் விட்டாயிற்று.


13 பிப்ரவரி

நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

1963, நவம்பர். என் கணவர் நாராயணசாமி இங்கே பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டர். இந்தப் பக்கத்துத் தண்டவாளமும் அதைச் செப்பனிடும் கேங் ஆட்களும் அவர் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூடிப் பாலத்தின் மேல் அவருடைய டிராலியைக் கூட்ஸ் வண்டி அடித்தது. டிராலி என்பது ஆட்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடுகிற நாலு சக்கரப் பலகை; வேறொன்றும் இல்லை. தள்ளியவர்களில் ரங்கையா என்பவன் செத்தான். இவருக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. விசாரணையில் இவர் சொன்னாராம்: அனுமதி இல்லாமல் டிராலியை எடுத்தது நான், திருப்பதியில் ஒரு கல்யாணத்துக்கு என் மனைவியை அழைத்துப் போனேன், ஆட்கள் என் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்கள். பதவியைக் குறைத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் குறைந்த பதவியிலேயே இருந்தார்.

மனைவி. நான் அன்று சித்தூரில் என் தகப்பனாரின் படுக்கை பக்கத்தில் இருந்தேன். அவருக்கு நெஞ்சுவலி. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததே பல மாதம் கழித்து, ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியின் வாயால். கணவரைக் கேட்டேன்.

“அது ஆபீஸ் விஷயம் யசோதா. விட்டுடு” என்றார்.

விட்டுவிட்டேன். 

அந்தப் பாட்டை ரங்கையாவின் மனைவி பொன்னியம்மா அழுதுகொண்டே கட்டியது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் ஒப்பாரியில் மணி சொல்வாளா? உத்தரவு போட்டது யார், கேட்டது யார் என்று பிரித்துச் சொல்வாளா? யாரோ மாஜிஸ்திரேட்டுக்கு முன்னால் நின்று ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது.


20 பிப்ரவரி

பின்பக்கத்து நிலத்தை நான் கான்ட்ராக்டருக்கு வாடகைக்கு விட்டது குற்றமாம். தண்டவாளத்தைத் தானே தூக்கி, ஜல்லியைத் தானே இடித்துக்கொண்டு போகிற மிஷின் வந்துவிட்டது. டெண்டர் எடுத்தவன் ஆட்களைத் தங்கவைக்க இடம் கேட்டான். காலி நிலம், கொடுத்தேன். கேங்கில் பாதிப் பேரைக் குறைக்கப் போகிறார்கள் என்பது தெரியும். அந்த மிஷினை நானா வாங்கினேன்?

இன்று காலை கேங் ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டே ஊர்வலமாக வந்தார்கள். முன்னால் பழனி, ரங்கையாவின் மகன், அப்பன் முகம் பார்க்காதவன். அப்பன் வேலையிலிருந்தபோது இறந்ததால் கிடைத்த வேலை; இப்போது யூனியன் செக்ரட்டரி. கான்ட்ராக்டரின் ஆள் ஒருவன், கர்னூல் பக்கத்துப் பையன், என் கேட்டுக்கு வெளியே பல் துலக்கிக்கொண்டிருந்தான். “ஏலோ தூக்கு” என்றதும் இரண்டு பேர் அவன் காலைப் பிடித்தார்கள், இரண்டு பேர் தோளை. தண்டவாளம் தூக்குகிற அதே பதத்தில், தாளம் தப்பாமல் தூக்கினார்கள். “ஏலோ போடு” என்றதும் போட்டார்கள். கேட்டின் மேல். என் கேட்டில் ஈட்டி முனைகள் உண்டு.

தொடையில் ஏறி மறுபக்கம் வந்துவிட்டது. வேப்பங்குச்சி வாயிலேயே இருந்தது. அவன் கத்தவில்லை, அதுதான். வாயைத் திறந்தால் குச்சி விழுந்துவிடும் என்பது போல இறுக்கிக்கொண்டிருந்தான்.

கான்ட்ராக்டர் ஆட்கள் கடப்பாரையோடு ஓடி வந்தார்கள். ஒருவனுடைய முன்பற்கள் மொத்தமும் என் துளசி மாடத்துப் படியில் கிடந்தன. யாருடைய பற்கள் என்று கடைசி வரை தெரியவில்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். திருப்பதிக்கு எடுத்துப் போனார்கள்.


21 பிப்ரவரி

கேட்டைக் கழுவ மாட்டேன் என்றுவிட்டாள் கிருஷ்ணம்மா. நானே கழுவினேன்.


27 பிப்ரவரி

டல்லாஸிலிருந்து சாய்குமார் போன் செய்தான். வீட்டை விற்றுவிட்டு அங்கே வந்துவிடச் சொல்கிறான். மருமகள் யாமினி எனக்கென்று ஒரு அறைக்கு வர்ணம் அடித்து வைத்திருக்கிறாளாம். என்ன வர்ணம் என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை.

வைக்கப் போகும்போது கேட்டான்: “அம்மா, கோச்சுக்காதே. அப்பாவோட அந்த டிராலியில நீ போனியா, இல்லையா?”

என் மகன். என் வயிற்றில் பிறந்தவன்.

இல்லை என்றேன். “அப்ப யாரு?” என்றான். லைன் கரகரத்தது, வைத்துவிட்டேன்.

யார். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. டிராலியில் ஒருத்தி இருந்திருக்கிறாள். அவள் பெயரைச் சொல்ல முடியாததால் என் பெயரைச் சொன்னார். வேறென்ன இருக்க முடியும்? நான் கூச்சல் போடவில்லை, தகப்பன் வீட்டுக்குப் போகவில்லை. அவர் படுக்கையை முன் அறைக்கு மாற்றினேன். அவர் சாகும் வரை அது முன் அறையிலேயே இருந்தது. ஏன் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குச் சாட்சியாக இருந்தது.


6 மார்ச்

வரதராஜன் பேப்பரில் எழுதியிருக்கிறான். தெலுங்குப் பேப்பர், என் வீட்டுப் படம் போட்டு. ‘ரயில் பாட்டின் ராணி ரேணிகுண்டாவில் வாழ்கிறார்.’ 

பத்து மணிக்குப் பழனி வந்தான். வாசலில் முப்பது நாற்பது பேர். அவன் மட்டும் செருப்போடு ஹாலுக்குள் வந்தான். 

“பதினாறாம் தேதி லெவல் கிராசிங்காண்ட எங்க நைனாவுக்குக் கல்லு நடறோம். நீ வந்து நிக்கணும்.”

“நீங்கள் என்று சொல்.”

“நீங்க வந்து நிக்கணும். நின்னு, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்ளோதான். அடிக்க மாட்டம், ஒண்ணும் பண்ண மாட்டம்.”

“உன் தகப்பன் செத்ததில் எனக்குச் சம்பந்தம் இல்லை. நான் அந்த டிராலியில் ஏறவே இல்லை.”

“ஊரே பாடுது.”

“ஊர் பாடினால்?”

“நீ கல்யாணத்துல ஸ்வீட்டு துன்னசொல்லோ எங்கம்மா எங்க நைனாவக் கூடையில வாரிக்கினு இருந்துச்சு, தெரியுமா?”

அறைந்தேன். யோசித்து அறையவில்லை. மோதிரம் கன்னத்தைக் கிழித்துவிட்டது. அவன் கையை ஓங்கினான். ஓங்கிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டு வெளியே போனான். அவன் கன்னத்து ரத்தத்தைப் பார்த்த வாசல் கூட்டம் நிறுத்திக்கொள்ளவில்லை. நான் மாடிக்கு ஏறினேன். கண்ணாடி எல்லாம் போயிற்று. பின்பக்கத்துக் கொட்டகைக்குள் நுழைந்து கான்ட்ராக்டரின் மேஸ்திரியை வெளியே இழுத்து, முழங்காலைப் படிக்கட்டில் வைத்து, சுத்தியலால் ஒரே அடி. அந்தச் சத்தம் எனக்கு மாடியில் கேட்டது. ஒரு கல் என் நெற்றியில் பட்டது. புடவை ஊறுகிற அளவுக்கு ரத்தம். நான் உட்காரவில்லை. அவர்கள் போகும் வரை ஜன்னலில் நின்றேன்.


7 மார்ச்

நெற்றியில் தையல். சப் இன்ஸ்பெக்டர் தானே புகாரைத் தெலுங்கில் எழுதிக்கொண்டு வந்தார். பழனி பெயர் முதலில். கொலை முயற்சி. “சைன் பெட்டண்டி அம்மா, சாலு. வாடி உத்யோகம் கூட போத்துந்தி” என்றார். நான் கையெழுத்துப் போட்டால் போதும், அவன் வேலையும் போய்விடும்.

படித்துவிட்டுத்தான் போடுவேன் என்று வாங்கி வைத்தேன். இரண்டு இடத்தில் பொய் இருக்கிறது. நாளைக்குத் திருத்திப் போடுகிறேன்.


8 மார்ச்

பொன்னியம்மா வந்தாள்.

நேராக வாசல் வழியாக. அவளை நெருக்கத்தில் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. என் வயதுதான் இருக்கும், கிழவியாகிவிட்டாள். உட்காரச் சொன்னேன். நின்றாள்.

“எம்மவன் மேல கேசு எய்தி வெச்சிகீறியாமே.”

“ஆமாம். கையெழுத்துதான் பாக்கி.”

“அத்தப் போடாதம்மா.”

“என் நெற்றியைப் பார்.”

“பாத்தேன். கல்லு அவன் எறியல. எறிஞ்சவன் பக்கத்துல நின்னுக்கினு இருந்தான். ரெண்டும் ஒண்ணுதான், நா இல்லன்னு சொல்லல.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “டிராலில நீ இல்லம்மா.”

“அது எனக்குத் தெரியாதா?”

“யார் இருந்தாங்கன்னு தெரியுமா?”

அப்போது நான் கேட்டேன். கேட்கக் கூடாது என்று இத்தனை காலம் வைத்திருந்தது, வாயிலிருந்து தானாக வந்தது. “யாரவ? எந்த ஊர்க்காரி? இன்னும் உயிரோட இருக்காளா?”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். பல் இல்லாத வாய். “அய்யய்ய. அப்டியா நெனச்சிக்கினு இருந்த? அந்த மனுசனையா? நாந்தாம்மா அது.”

அவள் சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். 

மழை. ரோடு அடித்துப் போய்விட்டது. கேங் குடிசை தண்டவாளத்தின் ஓரம். முதல் பிள்ளை, வலி வந்து இரண்டு நாள். பிள்ளையின் கால் மட்டும் வெளியே வந்து நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் வேலை இல்லை. என் கணவர் மழையில் பாதை அரித்திருக்கிறதா என்று பார்க்கத் தானாக வந்திருக்கிறார். ரங்கையா தண்டவாளத்திலேயே ஓடிப் போய்க் காலில் விழுந்தான். இவர் டிராலியிலிருந்து தன் நாற்காலியைக் கழற்றி எறிந்துவிட்டு அவளைப் படுக்க வைத்தார். ஸ்டேஷனுக்குச் சொல்லலாம் என்றால் போன் கம்பி அறுந்து கிடந்தது. சொல்லாமலே கிளம்பினார்கள், ரேணிகுண்டா ஆஸ்பத்திரிக்கு. பாலத்தின் நடுவே பின்னாலிருந்து கூட்ஸ் வந்துவிட்டது.

“சின்னப்பன் அண்ணன் மேஸ்திரி. அவரும் இன்னொருத்தரும் என்னத் தூக்கிக்கினு, பாலத்து ஓரத்துல ஒதுங்கறதுக்கு ஒரு பலகை இருக்கும் பாரு, அங்க ஓடினாங்க. டிராலிய அப்டியே உட்டா ரயிலு கவுந்துடும். தூக்க நாலு பேர் வேணும். எம்புருசனும் உன் வீட்டுக்காரரும் ரெண்டே பேரு. ஒரு பக்கம் எயும்பிச்சு, ஒரு பக்கம் எயும்பல. நா பாத்துக்கினே கீறேன். இஞ்சின் சத்தத்துல நா கத்தினது எனக்கே கேக்கல. அப்பதான் புள்ள வந்தான். அவரு பாதி பாலத்து மேல, பாதி கீழ மணல்ல.”

பழனி. தொப்புள் கொடியைச் சின்னப்பன் ஜல்லிக் கல்லை வைத்து அறுத்தானாம். இவர் விரல் இல்லாத கையோடு கோட்டைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றினாராம்.

வேலை நாள் இல்லை. ரங்கையா தன் சொந்த மனைவியை ஏற்றியது. அனுமதி கிடையாது. இப்படியே எழுதினால் ரங்கையா டியூட்டியில் சாகவில்லை. பணமும் கிடையாது, பின்னால் பிள்ளைக்கு வேலையும் கிடையாது. இன்ஸ்பெக்டர் உத்தரவுப்படி இன்ஸ்பெக்டரின் மனைவிக்காகத் தள்ளினான் என்றால் டியூட்டி. இது இவருடைய யோசனை.

“நாங்க எய்த்து தெரியாத ஜனங்க. கேங்குல பதினோரு பேரு, கேட்டா பதினோரு கதை சொல்வம். உன் வீட்டுக்காரரு எவ்ளோ சொல்லியும் மனசுல நிக்கல. சின்னப்பன் அண்ணந்தான் அத்தப் பாட்டா கட்டினாரு. தெனம் தண்டவாளம் தூக்கசொல்லோ அதான் பாட்டு. மணி எத்தினி, யாரு சொன்னா, யாரு வந்தா. விசாரணை வர்ற வரைக்கும் பாடினாங்க. ஒருத்தரு, அவரால பாடாம சொல்ல முடியல. ஆபீசரு மணி கேட்டா மொத அடிலருந்து ஆரம்பிக்கறாரு, காலு வேற தாளம் போடுது. ‘வாட் இஸ் திஸ்’ங்கறாரு ஆபீசரு. திக்குவாய் துரை, இப்டித்தான் பேச வரும்னாரு சின்னப்பன் அண்ணன்.”

“பட்டுக் குடை எதற்கு?”

“பொய்ய நம்ப வெக்க ஒரு சாமான் வேணும்னாரு அண்ணன்.”

விசாரணை முடிந்தும் பாட்டு நிற்கவில்லை. தூக்குவதற்குப் பதமாக அமைந்துவிட்டது. அடுத்து வந்தவர்களுக்கு அது நிஜம். அவள் மகனுக்கும்.

“என் பெயரைச் சொல்லச் சொன்னது அவரா?”

“அவருதான். ‘என் சம்சாரம்னு சொல்லுங்க, அவமேல யாரும் கேசு போட முடியாது. தெரிஞ்சா கோவிச்சுக்குவா, அவ்ளோதான்’னாரு.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“நீ பொய் சொல்ல மாட்டியாம். எவன் வந்து கேட்டாலும் உள்ளது உள்ளபடி சொல்லிடுவியாம். அதுக்குதான் பயந்தாரு.”

நான் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோதும் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

“ஊருக்குச் சொல்ல வேண்டாம். உன் மகனுக்குச் சொல்” என்றேன்.

“சொல்றேன்” என்றாள். “நாள் பாத்துச் சொல்றேன்.”


9 மார்ச்

கையெழுத்துப் போடவில்லை. சப் இன்ஸ்பெக்டர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கோவிச்சுக்குவா, அவ்ளோதான். 

ஆமாம். கோபித்துக்கொண்டேன். உங்களுக்குத்தான் கணக்கு தெரியவில்லை. நீங்கள் நினைத்த கோபம் எத்தனை நாள் கோபம்? ஒரு வாரம்? ஒருமுறை உலுக்கிக் கேட்டிருக்கலாமே என்னை, ஏண்டி இப்படிப் பண்றேன்னு. நானும் கேக்கல. நீங்களும் கேக்கல.


16 மார்ச்

கல் நட்டுவிட்டு நேரே இங்கே வந்தார்கள். நான் போகாததால். நானூறு பேருக்குக் குறையாது. கொட்டகைக்குத் தீ வைக்க மண்ணெண்ணெய் டின். பழனி கையில் யூனியன் கொடிக் கம்பு. வரதராஜன் ஓரமாக மைக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். உள்ளே கான்ட்ராக்டர் ஆட்கள், அரிவாளோடு. நடுவில் நானும் கிருஷ்ணம்மாவும். கிருஷ்ணம்மா பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொன்னியம்மா கூட்டத்துக்குள்ளிருந்து வந்து கேட்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். மகனுக்கு முன்னமே சொல்லியிருக்கவில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “பூட்ஸு போட்ட அம்மா” என்ற இடத்தில் அவள் குரல் கொடுத்தாள். “நிறுத்துங்கடா. டிராலில அம்மா இல்ல. நானு. என் வலிக்கு அந்த மனுசன் எடுத்த வண்டி அது. எம்புருசன் உசுரு போனது எனக்காக, இதோ இவனுக்காக.”

பழனி முதலில் புரியாதது போலப் பார்த்தான். “வாய மூடு” என்றான். அவள் மூடவில்லை. டிராலியில் எப்படிப் படுத்தாள், பிள்ளை எங்கே விழுந்தான் என்று அத்தனை ஆண்களுக்கு நடுவே சொன்னாள். யாரோ சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் பழனி அடித்தான் என்று நினைக்கிறேன். கொடிக் கம்பை இரண்டு கையாலும் சுழற்றி, பெற்றவளை. தோள்பட்டை. எலும்பு முறிந்த சத்தம் சுள்ளி ஒடிவது போல இருந்தது. விழுந்தவளை இன்னொரு முறை ஓங்கினான்.

கேட்டைத் திறந்துகொண்டு போனேன். அந்தக் கம்பைப் பிடித்தேன். வேறு யாரும் பிடிக்கவில்லை, நானூறு பேரில். “அடி. என்னையும் அடி. அப்புறம் உன் அம்மாவை யார் தூக்குவது என்று யோசி” என்றேன். அவன் கம்பை விட்டான். நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். அதற்குள் பின்னாலிருந்து கான்ட்ராக்டர் ஆட்கள் பாய்ந்தார்கள், போலீஸ் லத்தியோடு வந்தது. பழனி உட்கார்ந்த இடத்திலேயே அடி வாங்கினான். கையைக் கூடத் தூக்கவில்லை. காது கிழிந்து தொங்கியது.


17 மார்ச்

பொன்னியம்மாவை டாக்சி வைத்துப் புத்தூருக்கு அழைத்துப் போய் நாட்டு வைத்தியரிடம் எலும்புக்குக் கட்டுப் போட வைத்தேன். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். கட்டுக்காரர் எலும்பை இழுத்துச் சேர்க்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகக் குறி இருக்கிறது.

கான்ட்ராக்டரை இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன். “இதுக்கு நீங்க வருத்தப்படுவீங்க அம்மா” என்றான்.


30 மார்ச்

வரதராஜன் வந்தான். காலணியைக் கழற்றிவிட்டு வந்தான், முன்னேற்றம். அவனுக்குக் கால் தரையில் இல்லை. ஒரு பாட்டு பிறந்த இடத்தை அதில் இருந்தவளே சொல்லி டேப்பில் பிடித்தது எங்குமே நடந்ததில்லையாம். கேசட்டைக் கொடு என்றேன். மாட்டேன் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

“பேப்பர்காரங்களுக்கு ஏற்கனவே போட்டுக் காட்டிட்டேனே ஆன்ட்டி” என்றான்.

“அதனால் பழனி வேலை போகும்.”

அவனுக்கு அது தோன்றவே இல்லை. முகம் வெளுத்தது. நல்ல பையன்தான். மண்டு.


11 ஏப்ரல்

நினைத்தபடியே. பேப்பர் செய்தியை வெட்டி ஒட்டிக் கான்ட்ராக்டர் மனு போட்டிருக்கிறான். பழனியின் தகப்பன் டியூட்டியில் சாகவில்லை, பொய் சொல்லி வாங்கிய வேலை, நீக்க வேண்டும் என்று. டிவிஷன் ஆபீசிலிருந்து எனக்குக் கடிதம்: சம்பவத்தன்று டிராலியில் இருந்தது தாங்களா, அல்லவா? கையெழுத்திட்ட வாக்குமூலம் தேவை.

முப்பத்துமூன்று வருஷத்தில் முதல் முறையாக என்னைக் கேட்டிருக்கிறார்கள். முறையாக, எழுத்தில். இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். அது உண்மை. என் பெயர் துடைத்தது போல ஆகிவிடும், சாய்குமாருக்கு ஒரு நகல் அனுப்பலாம்.


13 ஏப்ரல்

புத்தூர் போனேன். பொன்னியம்மா இன்னும் அங்கேதான், கட்டோடு கட்டிலில். பழனி வெளியே வேப்பமரத்தடியில், காதில் பஞ்சு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“சோறு கொண்டாந்து வெச்சிட்டுப் போறான். மூஞ்சி பாக்க மாட்டேங்கறான்” என்றாள் அவள்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் இந்த முறை ‘போடாதம்மா’ என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் போனேன் என்று எழுதினால், நீ சொன்னது பொய் ஆகும். புத்தி தடுமாறிச் சொன்னாள் என்று எழுத வேண்டியிருக்கும்” என்றேன்.

“எய்திக்கோ. பைத்தியம்னே எய்திக்கோ.” பிறகு, “உனுக்கு வராதேம்மா அது” என்றாள்.

“எது?”

“பொய்யி.”


15 ஏப்ரல்

காலையில் எழுதி, தபாலில் பதிவு செய்து அனுப்பிவிட்டேன். நகல் இது:

ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. 1963 நவம்பரில் பூடிப் பாலத்தில் விபத்துக்குள்ளான டிராலியில் இருந்த பெண் நான்தான். திருப்பதியில் ஒரு கல்யாணத்துக்குப் போக என் கணவரை நான் வற்புறுத்தினேன். ரங்கையா அவருடைய உத்தரவுப்படி டிராலியைத் தள்ளினார்; பணியில் இருக்கும்போதே இறந்தார். அவருடைய மனைவி பொன்னியம்மா அப்போது அங்கே இல்லை. கலவரத்தின் நடுவே, தன் மகன் கொலைகாரனாகாமல் தடுப்பதற்காக அவர் சொன்ன வார்த்தைகளைச் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வந்துள்ள ஆராய்ச்சி மாணவருக்கும் இதையே தெரிவித்திருக்கிறேன். தேவைப்பட்டால் நேரில் வந்து சத்தியம் செய்யவும் தயார். பழனியின் வேலை தொடர்பான விசாரணை முடிக்கப்பட்டதா என்பதை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.